முந்நூத்தி நாப்பது மார்க் எடுத்தவர்களுக்காக

(திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நடந்த தலித் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'உயர்கல்வியும் தலித் விடுதலையும்.' பெரிய தலைப்பு. இதில் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிளஸ் டூ முடிவு வருகிறது. 600க்கு 340. பாஸ். ஆனா பேப்பரில் படம் வராது. இந்தப் பையன், இந்தப் பொண்ணு, எந்தக் கல்லூரிக்கு மனு போடணும்? இதுதான் நான் பேசப்போகிற விஷயம்.

நம் இயக்கங்கள் வருஷா வருஷம் கூட்டம் போட்டு 550க்கு மேல் எடுத்தவர்களுக்குச் சால்வை போடுகின்றன. போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சேரியில் பன்னிரண்டு பேர் பிளஸ் டூ எழுதினால் அதில் ஒருத்தருக்குத்தான் சால்வை. மிச்சப் பதினோரு பேரும் நம்ம பிள்ளைகள்தானே? அவர்களிடம் யார் பேசுகிறார்கள்? புரோக்கர் பேசுகிறான். முடிவு வந்த மறுநாளே பைக்கில் வந்து நிற்கிறான். நாம் போவதற்குள் சர்ட்டிபிகேட் அவன் பைக்குள் போய்விடுகிறது.

முதலில் இந்த 'சராசரி' என்கிற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். எடுத்த மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டுகூட முழுசாக இல்லை. இன்றைய நம் கணக்கில் அவர் சராசரிக்கும் கீழே. சமஸ்கிருதம் படிக்க விடாததால் பாரசீகம் எடுத்துப் படித்தவர், மும்பையில் ஒற்றை அறையில் குடும்பமே குடியிருக்க அங்கேயே படித்தவர், அவர் வாங்கிய 282 அது. அந்த மார்க்கை வைத்துக்கொண்டு அவர் எல்பின்ஸ்டன் கல்லூரிக்குப் போனார். பரோடா மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். 1912இல் பி.ஏ., 1913இல் கொலம்பியா. 282க்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் இருந்தது என்ன? ஒரு நல்ல கல்லூரி, ஓர் உதவித்தொகை, புத்தகம் கொடுத்த ஒன்றிரண்டு மனிதர்கள். மூளை அப்போதும் அதேதான், பிறகும் அதேதான்.

இன்னொன்றும் சொல்லணும். அவர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியை நிறுவினார். 282 மார்க் எடுத்தவனுக்குக் கதவு திறந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர் கட்டிய கல்லூரி அது.

நம் பக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் அவர் படித்தபோது நானூறு மாணவர்களில் பத்துப்பேர் தவிர எல்லாரும் பார்ப்பனர்கள் என்று தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் சேராமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். அந்தப் பயத்தோடு எழுதுகிற பரீட்சையில் வருகிற மார்க் எதை அளக்கிறது? தகுதி, திறமை என்கிற கதையாடல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதே இல்லை. பாதி வருஷம் கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளியில், சனி ஞாயிறு கரும்பு வெட்டப் போன பையன் கணக்கில் 54 எடுத்தால், அந்த 54ஐ 'சராசரி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் தோழர்களே, இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு நான் இறங்கிப் போய்விட்டால் அந்தப் பையன் அங்கேயேதான் நிற்பான். கவுன்சலிங்கில் 54 என்பது 54தான். ஆகவே கணக்குக்கு வருவோம்.

ஒரு மார்க் லிஸ்டை எடுத்துக்கொள்வோம். தமிழ் 68, ஆங்கிலம் 46, கணக்கு 54, இயற்பியல் 58, வேதியியல் 62, கணினி அறிவியல் 52. மொத்தம் 340. ஆனால் இந்த 340ஐ எந்தக் கல்லூரியும் அப்படியே பார்ப்பதில்லை. பொறியியலுக்குக் கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு. அதாவது 54 + 29 + 31, கட் ஆஃப் 200க்கு 114. அரசு கலைக் கல்லூரியில் மொழிப்பாடம் விட்டு மற்ற நான்கு பாடங்கள், 400க்கு 226. தமிழ் இலக்கியம் கேட்டால் தமிழ் மார்க்கைத்தான் பார்ப்பார்கள், 68. ஆங்கில இலக்கியம் என்றால் 46. ஒரே பையன், நாலு கதவு, நாலு உயரம். 'நீ முந்நூத்தி நாப்பது, உனக்கு ஒண்ணும் கிடைக்காது' என்று சொல்கிறவனுக்கு இந்தக் கணக்கே தெரியாது. தெரிந்தும் சொல்கிறான் என்றால் அவன் புரோக்கர்.

சட்டம்? அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் இருந்தால் மனு போடலாம். பி.எஸ்ஸி. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கு உயிரியல் எடுத்தவர்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்தே மனு போடலாம். பாலிடெக்னிக்கில் பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்துப் பி.ஈ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். இது சுற்றுவழிதான், ஆனால் கணக்கில் 54 எடுத்தவனுக்கு இதுவே நல்ல வழியாகவும் இருக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022லிருந்து இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு. அதன் மேல் எனக்கு விமர்சனம் உண்டு. ஆனால் திருவாரூரிலும் புதுச்சேரியிலும் ஹைதராபாத்திலும் நமக்கான இடங்கள் இருக்கும்போது, விமர்சனத்தையும் வைத்துக்கொண்டு பரீட்சையையும் எழுத வேண்டியதுதான்.

இடஒதுக்கீடு பற்றி ஒரு பொதுவான தப்பெண்ணம். 'நமக்கு 18 சதவீதம்தான்' என்று நம்ம ஆட்களே சொல்கிறோம். 69இல் எஸ்.சி.க்கு 18, அதற்குள் 2009 சட்டத்தின்படி அருந்ததியருக்கு 3. எஸ்.டி.க்கு 1. மிச்சமிருக்கிற 31 யாருடையது? அது பொதுப்போட்டி. யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல. மார்க் இருந்தால் அதில் நம் பெயர் வரணும், வந்தால் 18இலிருந்து ஓர் இடம் இன்னொரு தம்பிக்கு மிஞ்சும். அருந்ததியர் இடம் நிரம்பாவிட்டால் மற்ற எஸ்.சி. மாணவர்களுக்குப் போகும். பொறியியலில் இதற்கென்றே கடைசியில் ஒரு சுற்று நடத்துகிறார்கள். முதல் சுற்றோடு எல்லாம் முடிந்தது என்று கட்டட வேலைக்குப் போய்விட்ட பையனுக்கு இந்தச் சுற்று இருப்பதே தெரிவதில்லை. துணைக் கலந்தாய்வுக்கும் அப்படியே. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனி. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் 2021இல் வந்தது. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. நம் சேரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிதான். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்: 'ஆறாவதுல இருந்து எங்க படிச்ச?'

இனிமேல் மனு. நான் ஒரு சின்ன வாய்ப்பாடு வைத்திருக்கிறேன். மூன்று வரிசையாக எழுது. முதல் வரிசையில், போன வருஷக் கடைசி மார்க் உன் மார்க்கைவிடக் கூடுதலாக இருக்கிற கல்லூரிகள், இரண்டு மூன்று. நடு வரிசையில் உன் மார்க்குக்கு ஒட்டி வருபவை, நாலைந்து. கடைசி வரிசையில் கண்டிப்பாகக் கிடைக்கக்கூடியவை, இரண்டு. நம்ம பிள்ளைகள் முதல் வரிசையை எழுதுவதே இல்லை. 'அங்கெல்லாம் நமக்கு எங்கண்ணே' என்கிறார்கள். அந்த 'எங்கண்ணே' இருக்கிறதே, அது மார்க்கால் வந்த சொல் இல்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வைத்தவன் கற்றுக்கொடுத்த சொல். அதை மனுவில் எழுத வேண்டியதில்லை. அரசு கலைக் கல்லூரிக்கு எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பதிவுக் கட்டணம் 2 ரூபாய். இரண்டு ரூபாய்க்கு எதற்குப் பயம்? சென்னை மாநிலக் கல்லூரி எழுது, விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரி எழுது, திண்டிவனம் எழுது, கடலூர் பெரியார் கல்லூரி எழுது.

பொறியியல் கவுன்சலிங்கில் கல்லூரிப் பட்டியல் போடும்போதும் இதே மனநிலைதான் குறுக்கே நிற்கிறது. கிடைக்கிற கல்லூரியை முதலில் போட்டுவிட்டு, ஆசைப்படுகிற கல்லூரியைக் கீழே போடுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் மேலிருந்துதான் பார்க்கும். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே இறங்காது. மேலே ஆசைப்பட்டதைப் போட்டுக் கிடைக்காவிட்டாலும் கீழே இருப்பதற்கு எந்த நஷ்டமும் கிடையாது. ஆகவே ஆசை வரிசையில் எழுது, பய வரிசையில் எழுதாதே. பட்டியலையும் நீளமாக எழுது. ஐந்து கல்லூரி எழுதி எதுவும் கிடைக்காமல் நிற்பவர்கள் நம்ம ஆட்களாகவே இருக்கிறார்கள்.

பொறியியலா, கலைக் கல்லூரியா என்று கேட்கிறார்கள். 114 கட் ஆஃபுக்குப் பொறியியல் இடம் கிடைக்கும். தமிழ்நாட்டில் நானூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, எங்கேயாவது கிடைக்கும். அந்த 'எங்கேயாவது'தான் பிரச்சனை. அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதில் நூற்றுக்கு இருபது பேர்கூடப் பாஸ் ஆகாத கல்லூரியில் நம் பையனைச் சேர்த்துவிட்டு, நாலு வருஷம் கழித்துப் பதினேழு அரியரோடு அவன் திரும்பி வந்தால் அது யார் குற்றம்? நல்ல தேர்ச்சி உள்ள கல்லூரியில் இரண்டாம் தர கோர்ஸ் கிடைத்தால் எடு. தேர்ச்சியே இல்லாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் வேண்டாம். அதைவிட அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதமோ, பி.ஏ. பொருளாதாரமோ, வரலாறோ மேல்.

இதை நான் வங்கி கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனாகச் சொல்கிறேன். வங்கி எழுத்தர் தேர்வு எந்தப் பட்டமும் போதும் என்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 அப்படித்தான். ஐ.ஏ.எஸ். தேர்வும் அப்படித்தான். கல்லூரியில் எத்தனை சதவீதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆகவே அந்த மூன்று வருஷத்தில் ஒரு நூலகம், ஒரு விடுதி, கூடப் படிக்க நாலு நண்பர்கள், இது எங்கே கிடைக்கும் என்று பார். புதுசு புதுசாகப் பேர் வைத்த கோர்ஸ்களில் மட்டும் ஜாக்கிரதை. ஆசிரியர் வேலைக்கோ அரசு வேலைக்கோ போகும்போது 'இது இணையான படிப்பா' என்று அரசாணை தேடி அலைய வேண்டிவரும். பேராசிரியராகணும் என்றால் நெட் எழுத முதுகலையில் எஸ்.சி.க்கு 50 சதவீதம் வேண்டும். அதை மனசில் வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடு.

பணத்துக்கு வருவோம். புரோக்கர் என்ன சொல்கிறான்? 'உங்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்குப்பா, ஒரு பைசா வேணாம், சர்ட்டிபிகேட் மட்டும் குடு.' உண்மையில் அந்த உதவித்தொகை அவன் கொடுப்பதல்ல. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இலிருந்து நமக்கான உரிமை. குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் உண்டு. 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி., மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. ஆனால் பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். இதுதான் கண்ணி. புரோக்கர் வாங்கித் தருவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். முதல் வருஷம் இனிக்கப் பேசுவான். இரண்டாம் வருஷம் 'ஸ்காலர்ஷிப் வரல, அறுபதாயிரம் கட்டு, இல்லன்னா ஹால் டிக்கெட் கிடையாது' என்று கல்லூரியே நிறுத்தும். மாட்டை விற்று, பிறகு நகையை அடகு வைத்து, கடைசியில் படிப்பையே விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்துக்குக் கவுன்சலிங் வழியாகப் போயிருந்தால் அந்தப் பணம் அரசு கட்டியிருக்கும். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச், வேறு வாசல். அவ்வளவுதான்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்தது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரணும். இதைச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் மிரட்டுவான். நாலு பேராகப் போங்கள்.

உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கை 2021 விதிகளின்படி மாணவர் கணக்குக்கே நேரடியாக அனுப்புகிறார்கள். பணம் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். பள்ளியில் திறந்த ஒரு கணக்கு, பிறகு வேறு வங்கியில் ஒரு கணக்கு என்று இரண்டு இருந்தால், கடைசியாக எதில் ஆதார் இணைத்தாயோ அதற்குப் போகும். 'பணமே வரல சார்' என்று வருகிற பிள்ளைகளில் சிலருக்கு அது மறந்துபோன கணக்கில் கிடக்கிறது. ஆகவே மே மாசத்திலேயே வங்கிக்குப் போய் ஆதார் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டு வை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் இதே கதைதான்.

கல்விக் கடன் கேட்டால் மேனேஜர் 'சொத்து இருக்கா, ஜாமீன் இருக்கா' என்பார். நாலு லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. உன் மனுவை நிராகரிக்கிற முடிவைக் கிளையே எடுக்கக் கூடாது, மேலதிகாரி ஒப்புதல் வேணும். 'வாயால சொல்லாதீங்க சார், எழுதிக் குடுங்க' என்று கேள். எழுதிக் கொடுக்கச் சொன்னாலே பாதிப் பேருக்கு மனசு மாறும். ஆனாலும் என் கருத்து இது: உதவித்தொகை, 7.5 சதவீதம், முதல் பட்டதாரிச் சலுகை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் கடன். வட்டி என்பது என்ன என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான்.

இன்னும் இரண்டு விஷயம்.

ஒன்று, தூரம். பையனாக இருந்தால் சென்னை, பொண்ணாக இருந்தால் பஸ் போகிற பக்கத்து ஊர். நம் வீடுகளிலேயே இந்தத் தராசு இருக்கிறது. ஊரைவிட்டு வெளியே போவதே பாதிப் படிப்பு என்று அம்பேத்கர் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும். சாதி ஊரில்தான் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதியில் தண்ணீர் வராது, சோறு சரியிருக்காது, அதற்காகப் போராடுவோம். ஆனால் விடுதி வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். தங்கச்சிகளை வெளியூர் விடுதியில் சேர்க்கத் தயங்கும் அப்பாக்களுக்கு நான் சொல்வது: அந்த விடுதியில் இருக்கும் இரண்டாம் வருஷத்து அக்கா ஒருத்தியிடம் போனில் பேச வையுங்கள். நான் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

இரண்டு, உள்ளே போன பிறகு. கல்லூரி சாதியில்லாத இடம் என்று நினைத்துப் போகாதீர்கள். 2008 நவம்பரில் சென்னையில் அம்பேத்கர் பெயரையே தாங்கிய அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் கட்டை தூக்கி அடித்துக்கொண்டதை நாடே பார்த்தது. அங்கே அம்பேத்கர் பெயரை விட்டுவிட்டு அடித்த சுவரொட்டியும் ஒரு காரணம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவின் உதவித்தொகையை நிறுத்தினார்கள், விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள், 2016 ஜனவரியில் அவரை இழந்தோம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. மனு போடும் முன் விசாரிக்க வேண்டிய பட்டியலில் இதையும் சேருங்கள்: அங்கே எஸ்.சி., எஸ்.டி. பிரிவு செயல்படுகிறதா? நம்ம மாணவர் அமைப்பு இருக்கிறதா? மேல் வருஷத்தில் நம்ம ஊர்ப் பிள்ளை யாராவது இருக்கிறார்களா? தேர்ச்சி விகிதத்தைப் போல இதுவும் ஒரு தகவல்.

'இந்தக் கல்வியே ஆதிக்கக் கட்டமைப்பு, இதில் போய் இடம் தேடுவதா விடுதலை?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2021-22 கணக்கெடுப்பில் நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, எஸ்.சி.க்கு 25.9. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47. இந்த 47 தானாக வந்ததல்ல. பஞ்சமர் பள்ளியிலிருந்து இடஒதுக்கீடு வரை நம் முன்னோர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டி வந்தது. கட்டமைப்பை விமர்சிக்கிற தோழரும் ஒரு பட்டம் வாங்கிவிட்டுத்தான் விமர்சிக்கிறார். அந்தச் சேரித் தம்பியும் பட்டம் வாங்கிவிட்டு வந்து விமர்சிக்கட்டும்.

கடைசியாக ஒரு வேலைத் திட்டம். முடிவு வருகிற நாளிலிருந்து பத்து நாள், ஒவ்வொரு சேரியிலும் ஒரு மேசை. அதில் கல்லூரிக்குப் போய் வந்த ஒருத்தர், ஒரு போன், ஒரு நோட்டு. நோட்டில் பெயர், நாலு விதமான மார்க் கணக்கு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைந்த கணக்கு, முதல் பட்டதாரியா, அரசுப் பள்ளியா, மூன்று வரிசைக் கல்லூரிகள், கடைசித் தேதி. கிறித்தவராக மாறிய குடும்பம் என்றால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அவர்களுக்குப் பி.சி. சான்றிதழ்தான், ஆனால் மாநில அரசின் உதவித்தொகை உண்டு. பௌத்தம் தழுவியவர்களுக்கு 1990லிருந்து எஸ்.சி. உரிமை தொடர்கிறது. ஃபெயிலானவர்கள் பெயரையும் எழுதுங்கள், துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டிய தேதி அவர்களுக்குச் சொல்லப்படணும்.

இங்கே வந்திருக்கிற கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர்? அறுபது இருக்குமா? ஆளுக்கு ஒரு சேரி. கூட்டம் முடிந்ததும் யார் எந்த ஊர் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டுக்கு நான் காசு தருகிறேன்.